வெள்ளவத்தையில் இரண்டு ரக்அத்

போன வெள்ளிக்கிழமை தெஹிவளையில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார். மேசையில் சோறு வைத்தாயிற்று. மனுஷன் கை கழுவப் போவார் என்று பார்த்தால், ஹோல் மூலையில் முஸல்லாப் பாயை விரித்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழும்பினேன், இருந்தேன், குசினிக்குப் போனேன், மூடியிருந்த சட்டிகளைத் திறந்து பார்த்து மூடினேன், திரும்பி வந்து ஜன்னலடியில் நின்றேன்.

"என்ன உம்மா, ஒரு எடத்துல இருக்க ஏலாதா?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்ல" என்றேன். ஐம்பது தாண்டிய பொம்பிளை, இரண்டு ரக்அத் முடியும்வரை பொறுக்க முடியாமல் வீட்டை அளந்துகொண்டு திரிகிறாள் என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்குச் சொல்கிறேன். இது பசியில் தொடங்கிய வியாதி.

ஜும்ஆவின் கட்டாயத் தொழுகையான பர்ளு முடிந்த பிறகு தொழுகிற சுன்னத் தொழுகை அது. கட்டாயமில்லை. தொழுதால் நன்மை. நின்று, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்து எழும்புகிற ஒரு சுற்றுத்தான் ஒரு ரக்அத். பள்ளிவாசலிலேயே தொழுதால் நாலு ரக்அத், வீட்டுக்கு வந்து தொழுதால் இரண்டு என்று எங்கள் வாப்பா சொல்வார். அவர் எப்போதும் வீட்டுக்கு வந்துதான் தொழுவார். புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடையின் ஸ்டோர்ஸில் அவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் பகலில் நீண்ட நேரம் விடுவார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, முன்னறையில் அந்த இரண்டைத் தொழுது, சாப்பிட்டுவிட்டு கடைக்குத் திரும்புவார்.

இரண்டு என்றால் நீங்கள் சின்னக் கணக்கு என்று நினைப்பீர்கள். வாப்பா தொழுதால் இரண்டும் இருபது மாதிரி. ருகூவுக்குக் குனிந்தால் நிமிர மறந்துவிட்டாரோ என்று தோன்றும். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் போனால் நித்திரையாகிவிட்டாரோ என்று நானும் தம்பிமாரும் கதவிடுக்கால் பார்ப்போம். இறைச்சிக் கறியின் மணம் வீட்டை நிறைத்துக்கொண்டு நிற்கும். வாப்பா சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை உம்மா சோற்றுப் பானையின் மூடியில் கை வைக்க விடமாட்டா. அப்பளத்தை நொறுக்கி வாய்க்குள் போட்டால் அந்தச் சத்தத்துக்கே முறைப்பா. கட்டாயமில்லாத ஒன்றுக்கு இப்படிக் கட்டாயமாகப் பட்டினி கிடக்கலாமா என்பது எட்டு வயதில் எனக்கிருந்த பெரிய மார்க்கச் சந்தேகம். கேட்கத் துணிவில்லை.

நான் இருபது வயதில் வேலைக்குப் போனேன். புதுக்கடையில், கோர்ட்டுக்குப் பின்னால், காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிஸ் கந்தோரில் டைப்பிஸ்ட். உறுதி என்று சொல்கிற அந்தப் பத்திரங்களைத் தட்டுவது என் வேலை. பிழை விட்டால் அந்தத் தாளையே தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தட்டவேண்டும். என்னை மாதிரி அவசரக்காரிக்கு அது நல்ல தண்டனை. நொத்தாரிஸ் நம்ம ஆள் என்பதால் வெள்ளிக்கிழமை பகல் கந்தோரைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவார். நானும் வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

அந்த வருஷம்தான் வாப்பா வெள்ளிக்கிழமைகளில் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராமல் விட்டார்.

"கடையில வேல கூட. பக்கத்துப் பள்ளிலயே தொழுதிட்டு நிண்டுர்றன்" என்றார் முதல் தடவை.

"சுன்னத்து?" என்று உம்மா கேட்டா.

"அங்கயே நாலு தொழுதுட்டன்."

அடுத்த வெள்ளியும் நாலு. அதற்கடுத்ததும் நாலு. மாதக்கணக்கில் நாலு. நாங்கள் இப்போது நேரத்தோடு சாப்பிட்டோம். பசி கிடக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் உம்மா பானையைத் திறக்கமுதல் வாசலுக்கு ஒருக்கால் போய்விட்டுத்தான் வருவா. பிறகு வாசலுக்குப் போவது இரண்டு தரம் ஆனது, மூன்று தரம் ஆனது. ராத்திரியில் அவ புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, உடுப்பு ஊறப்போடும்போது, உம்மா வாப்பாவின் சேர்ட்டை எனது மூக்கடியில் பிடித்தா.

"மணந்து பாரு."

மணந்தேன். மிளகாய்த்தூள் மணம். எங்கள் தூள் இல்லை. வறுத்து இடித்த, கறுத்த, காரமான மணம். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டிப் போனால் வருமே, அந்த மாதிரி.

"யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருப்பாரு உம்மா."

"ஒவ்வொரு வெள்ளியுமா? கடைச் சோறு இல்ல புள்ள இது. ஆரோ ஒருத்தி வீட்டுல சமைச்சது." சேர்ட்டை வாளிக்குள் போட்டு அழுத்தினா. "கலியாணம் முடிச்சிட்டாரு போல."

அதை அவ சொன்ன விதம், மழை வரும்போல என்று சொல்வது மாதிரி இருந்தது. சேர்ட்டை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினா.

எனக்கு ஆத்திரம் வந்தது. வாப்பா மேலா, உம்மா மேலா என்று தெரியாத ஆத்திரம். அடுத்த வெள்ளி கந்தோர் பூட்டியதும் வாப்பாவின் கடைக்கு நடந்தேன். கல்லாவில் இருந்த சிங்கள மனுஷர் என்னைக் கண்டு சிரித்தார். "தாத்தா வெள்ளவத்தே கியானே" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். வாப்பா வெள்ளவத்தைக்குப் போய்விட்டாராம். ஒவ்வொரு வெள்ளியும் போவாராம், எனக்குத் தெரியாதா என்று வேறு கேட்டார். தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உம்மாவிடம் சொல்லவில்லை. அந்த ஏழு நாளும் நான் தட்டிய உறுதிகளில் பிழை இல்லாத தாள் ஒன்றும் இருந்திருக்காது. ஓர் உறுதியில் "மேற்படி காணி" என்பதற்குப் பதிலாக "மேற்படி வாப்பா" என்று தட்டியிருந்தேன். நொத்தாரிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.

அடுத்த வெள்ளி பதினொன்றரைக்கே தலையிடி என்று சொல்லிவிட்டுக் கோட்டை ஸ்டேஷனில் போய் நின்றேன். துப்பறிகிறவர்கள் எப்படி உடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஸ்டேஷன் கூரைக்குக் கீழே குடையை விரித்தது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், வாப்பாவைத் தவிர. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏறிய ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறினேன். ஒரு பக்கம் கடல் ஓடிக்கொண்டே வந்தது.

வெள்ளவத்தையில் இறங்கி அவர் காலி வீதிப் பள்ளிக்குள் போனார். நான் எதிரே ஒரு புடைவைக் கடையில் வாங்கப் போகாத சாரிகளையெல்லாம் விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன். குத்பாப் பிரசங்கம் முடிந்தது. தொழுகை முடிந்தது. வாப்பா கடைசியாகத்தான் வருவார், நாலு தொழுவாரே என்று நினைத்தேன். அவர் முதல் ஆளாக வெளியே வந்தார். வாழ்க்கையில் எதற்கும் அவசரப்படாத மனுஷன், செருப்பைச் சரியாக மாட்டாமலே கடலை நோக்கிப் போகிற ஓர் ஒழுங்கைக்குள் கிட்டத்தட்ட ஓடினார்.

பின்னால் போனேன். பச்சைக் கேற் போட்ட பழைய வீடொன்றுக்குள் நுழைந்தார். தட்டவில்லை, கூப்பிடவில்லை. சொந்த வீட்டுக்குள் போவது போலப் போனார். அதைக் கண்டதும், உம்மா சொன்னது சரிதான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

கேற்றடியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நரைத்த தலையுடன் சாரம் கட்டிய ஒருவர் வெளியே வந்தார். நெற்றியில் திருநீறு. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், தமிழர் குடியிருந்த வெள்ளவத்தை வீடுகளில் தெரியாத ஆள் கேற்றடியில் நின்றால் எல்லாரும் பயப்படுவார்கள். அவரும் பயந்திருக்க வேண்டும். குரலை மிகவும் தாழ்த்தினார்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள், பிள்ளை?"

"இப்ப உள்ள போனாரே, அவர."

"அவர் தொழுகையில நிக்கிறார். கொஞ்சம் பொறுங்கோ." பக்கத்து வீட்டு ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேலால் எட்டி, "தம்பி, ஒரு பத்து நிமிசம்" என்றார். ரேடியோ அடங்கியது. ஒவ்வொரு வெள்ளியும் நடக்கிற விஷயம் போல இருந்தது. திரும்பி என் முகத்தை ஒருதரம் பார்த்தார். "நீங்கள் மகளோ?"

நான் தலையாட்டினேன். அவர் கேற்றைத் திறந்தார்.

முன்னறையில் வாப்பா ஸுஜூதில் இருந்தார். அவருக்குப் பின்னால், சுவரோரம், சாய்மனைக் கதிரையில் ஒரு பொம்பிளை. தலையில் முக்காடு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. கண்ணை மூடி இருந்தா. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாப்பாவின் முகத்துக்கு முக்காடு போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

வாப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தா என்று வீட்டில் எப்போதாவது யாராவது வாய் தவறிச் சொல்வார்கள், உடனே பேச்சை மாற்றுவார்கள். நான் பிறக்கமுதல் யாழ்ப்பாணத்து ஆளோடு போய்விட்ட ஸக்கியா மாமி. வாப்பாவின் வாப்பா சாகும்போது மகனைக் கூப்பிட்டு, அவளுடைய வாசற்படி மிதிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

வாப்பா சலாம் கொடுத்துத் திரும்பினார். என்னைக் கண்டார். அசையாமல் அப்படியே இருந்தார். நான் ஏசப் போகிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அழுகைதான் வந்தது. ஆறுதல்தான் அழுகையாக வந்தது. வெட்கம்கெட்ட ஆறுதல்.

திரும்பும்போது ரயிலில் வாப்பா ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். மாமிக்கு இருதயத்தில் வருத்தம், பெரிய நோய் என்று மாமாதான், திருநீறு பூசிய அந்த மனுஷர்தான், கடைக்கு வந்து சொன்னாராம். சத்தியத்தை முறிப்பதற்குப் பரிகாரமாக வாப்பா மூன்று நோன்பு நோற்றுவிட்டுத்தான் அந்த வாசற்படி ஏறினாராம். "இந்த வீட்டுல ஆரும் தொழுறல்ல நானா, எனக்கும் குனிய ஏலாது, நீங்க வந்து தொழுங்க எண்டு கேட்டா. வீட்டுலதான தொழச் சொல்லீக்கி. அவட வீடும் எண்ட வீடுதானே." அண்ணனை எங்கள் வழக்கில் நானா என்போம். பிறகு, பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்: "நான் நாலு தொழல்ல, மகள். உம்மாட்ட பொய் சொல்லிட்டன். ரெண்டுதான் தொழுதன்."

அன்றிரவு அவரே உம்மாவிடம் சொன்னார். நான் குசினியில் நின்றேன். பிறகு உம்மாவின் குரல்.

"ஆறு மாசம் நான் தூங்கல்ல. தங்கச்சி எண்டு ஒரு சொல் சொல்ல ஏலாமப் போச்சா ஒங்களுக்கு?"

"எங்கட வாப்பாக்கு சத்தியம் பண்ணினது. ஒனக்கும் பாவம் வருமெண்டு."

"எனக்கு வந்தது என்னண்டு தெரியுமா?" உம்மா மூக்கை உறிஞ்சினா. "சோறும் அங்கதானா?"

"கொஞ்சம்."

"நல்லா சமைக்கிறாவா?"

வாப்பா இதற்குப் பதில் சொல்லவில்லை. அவருக்கும் புத்தி இருந்தது.

அடுத்த வெள்ளி உம்மா விடியமுதல் எழும்பிச் சமைத்தா. சாப்பாட்டு அடுக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவவும் மட்டக்குளி பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனோம். வழி முழுக்க அவ அடுக்குப்பெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டே வந்தா. மாமி எழும்பப் பார்த்தா, முடியவில்லை. "மதினி" என்றா. உம்மா அடுக்குப்பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றா. ஒருவருக்கும் அடுத்தது என்ன என்று தெரியவில்லை. அந்த நேரம் வாப்பா பள்ளியிலிருந்து வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், நேரே முஸல்லாவில் ஏறித் தக்பீர் கட்டிவிட்டார். தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அது.

நாங்கள் காத்திருந்தோம். ருகூவு நீண்டது. ஸுஜூது அதைவிட நீண்டது. உம்மா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினா. மாமி மூச்சை இழுத்துப் பிடித்து மெல்லக் கேட்டா.

"எப்பவும் இவ்வளவு நேரமா, மதினி?"

"இது கொறவு" என்றா உம்மா. "வீட்டுல இதவிடக் கூட. சோறெல்லாம் ஆறிப் போகும்."

மாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை; தோள் மட்டும் குலுங்கியது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. வாசலில் ரேடியோவுக்குக் காவல் நின்ற மாமா, இரண்டு பேருக்கும் விரலைக் காட்டி "உஸ்" என்றார். ஆறு மாசத்து நித்திரையின்மையும் அதற்கு முந்திய இருபது வருஷமும் அந்த இடத்தில்தான் உடைந்தன. உம்மா அடுக்குப்பெட்டியை மாமியின் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் இருந்துவிட்டா.

அதற்குப் பிறகு மாமி ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. மாமி போன பிறகும் வாப்பா வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போவதை விடவில்லை. ஒரு வெள்ளி அங்கே, ஒரு வெள்ளி வீட்டில் என்று உம்மாவே பிரித்துக் கொடுத்திருந்தா. மாமா கேற்றைத் திறந்து வைத்திருப்பாராம். தொழுது முடிந்ததும் இருவரும் தேத்தண்ணி குடிப்பார்களாம். என்ன பேசுவார்கள் என்று கேட்டால், "ஒண்டும் பேசுறல்ல" என்பார் வாப்பா. கடைசியில், முன்பே கனடாவுக்குப் போயிருந்த மாமா மாமியின் மகன் மாமாவை அங்கே கூப்பிட்டுவிட்டான். வீடு விற்றாயிற்று. வாப்பாவும் மௌத்தாகி அடங்கிப் பல வருஷம். மாமா அங்கே பனிக்குள் இருந்துகொண்டு, இருக்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுக்கு டெலிபோன் எடுத்தார். இப்போது உம்மாவும் இல்லை, எடுப்பதற்கு அவரும் இல்லை.

போன மாதம் ஒரு டொக்டரைப் பார்க்க அந்த ஒழுங்கைக்குள் போக வேண்டி வந்தது. வரிசையாக உயர்ந்த மாடிகள். கீழேயிருந்து கடல் தெரியாது. பச்சைக் கேற் இருந்த இடத்தில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் காவலாளி. பெரிய கொப்பி ஒன்றைத் தள்ளிவைத்து எழுதச் சொன்னார். பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த மாடி, யாரைச் சந்திக்க, வந்த காரணம். எனக்கு முன்னால் வந்தவர்கள் கேஸ் சிலிண்டர் என்றும் பார்சல் என்றும் எழுதியிருந்தார்கள். நான் மருந்து என்று எழுதினேன். வாப்பா வந்திருந்தால் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார் என்று பேனையைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றேன். பெண்சாதியிடமே ஆறு மாதம் சொல்ல வாய் வராத மனுஷன் அவர். நான் நிற்பதைக் கண்டு காவலாளி, சரி, உள்ளே போகலாம் என்றார்.