கிராஞ்சியில் ஓர் உரச்சாக்கு

சிங்கப்பூரின் வடக்கே கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையின் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். பின்சக்கர டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. விடியும்போது லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்பினேன். கடலுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கிறது. போன மாதம் இதே சாலையில் பஞ்சராகி, யாரோ ஒருவரின் லாரியில் ஏறித்தான் வீடு திரும்பினேன். அதற்குப் பிறகு பட்டியல் போட்டேன்: மாற்று டியூப், பம்ப், டயர் கழற்றும் லீவர், கையுறை. எல்லாம் பையில் இருக்கின்றன. டயரே கிழியும் என்று மட்டும் எழுதவில்லை. புது டியூபை மாட்டினாலும், காற்றடித்ததும் வெட்டு வழியே பிதுங்கி வெடித்துவிடும்.

பண்ணையில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், லாரியில் செடிகளை ஏற்றிக்கொண்டே என்னைப் பார்க்கிறார்.

"மேடம், பேசாம லாரில ஏறிடுங்க. சைக்கிளையும் செடியோட செடியா வச்சுடலாம்."

அவர் காலடியில் காலி உரச்சாக்கு கிடக்கிறது. நல்ல முரட்டுப் பிளாஸ்டிக்.

"அண்ணே, அதுல ஒரு துண்டு வெட்டித் தர்றீங்களா?"

சிரித்துக்கொண்டே வெட்டித் தருகிறார். "இது ரெண்டு லைட் கம்பம் தாண்டாது. படகுத்துறைப் பக்கம்தான் டெலிவரி, வழியில நின்னீங்கன்னா ஏத்திக்கிறேன்."

துண்டை நான்காக மடித்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் வைத்துக் காற்றடிக்கிறேன். பிதுங்கவில்லை.

இப்போது படகுத்துறையில் கால்களைத் தொங்கவிட்டு, எதிரே மலேசியாவின் ஜோகூரைப் பார்த்தபடி பாண்டான் கேக் தின்றுகொண்டிருக்கிறேன். பின்னால் லாரியின் ஹாரன்.

"ஏறுறீங்களா மேடம்?"

"வேணாம் லா அண்ணே. வீட்டுக்கும் மிதிச்சே போறேன்."