ரீற்றா திருப்பிக்கொண்ட முகம்

நேற்று நீர்வேலியிலை பஸ்ஸுக்கு நிற்கேக்கை, பக்கத்து வீட்டிலை ஆரோ நாய்க்கு மாட்டிறைச்சியும் சோறும் ஒண்டாய்ப் போட்டு அவிச்சினம். உப்பில்லை, தூளில்லை, வெறும் அவியல் மணம். வாயூறுற மணமில்லைத்தான், ஆனால் எனக்குக் கண் கலங்கிப்போச்சு. பஸ்ஸையும் விட்டிட்டன்.

நான் பொலிஸ் நாய்களுக்குச் சமைச்ச ஆள். சிரிக்காதையுங்கோ. பரம்பரையாய் மச்சம் மாமிசம் தொடாத வீட்டிலை பிறந்தவனுக்கு, சண்டை முடிஞ்ச கையோடை கிடைச்ச உத்தியோகம் அது. பின்னேரம் வீட்டை போனால் மனுசி படலையடியிலையே மறிப்பாள். "இஞ்சாருங்கோ, கிணத்தடியிலை தோய்ஞ்சுபோட்டு உள்ளுக்கை வாங்கோ." மழை கொட்டினாலும் விலக்கில்லை. நாய்கள் எனக்குத் தந்த மரியாதை வீட்டிலை கிடைக்கேல்லை, போங்கோ.

அந்தப் பொலிஸ் நாய்க்கூட்டிலை இருந்தவள்தான் ரீற்றா. வெடிமருந்தை மணந்து பிடிக்கிற லாப்ரடோர். அவளை வைச்சிருந்த கொன்ஸ்டபிள் பண்டார, குருநாகல் பக்கத்துப் பெடியன். என்னோடை கதைச்சுக் கதைச்சே தமிழ் பிடிச்சவன். என்னை ஐயா எண்டுதான் கூப்பிடுவான்.

பொலிஸ் நாய் கண்ட நிண்ட ஆளின்ரை கையாலை தின்னக்கூடாது. எவனாவது நஞ்சு வைச்சிடுவான். அதைப் பழக்கிறதுக்கு, இறைச்சியை நீட்டி ஆசை காட்ட ஒரு ஆள் வேணும். அந்த வேலை என்ரை தலையிலை விழுந்தது. சமைக்கிற கையையே மறுத்தால் பிறகு எந்தக் கையையும் மறுப்பாள் எண்டது பண்டாரவின்ரை கணக்கு. நான் நீட்டுவன். அவள் மூக்கைக் கொண்டுவந்தால் அவன் அதட்டுவான். முகத்தைத் திருப்பினால் ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுவான். சட்டிச் சோறும் அப்பிடித்தான். "கன்ன" எண்டு, 'தின்' எண்டதை அவன் சிங்களத்திலை சொன்னால்தான் தொடுவாள். லீவிலை போற ஒவ்வொரு முறையும் வேறை ஒரு பொலிஸ்காரனைப் பக்கத்திலை வைச்சு, ரெண்டு மூண்டு நாள் சேர்ந்து சாப்பாடு வைச்சுக் கைமாத்திப்போட்டுத்தான் போவான்.

ஒருநாள் பண்டாரவின்ரை தாய்க்கு வருத்தம் கடுமையெண்டு ரெலிபோன் வந்தது. கைமாத்த நேரமில்லை. "ஐயா, தண்ணி மட்டும் வையுங்க. நாளைக்கி வாறதுதானே" எண்டிட்டு ஓடினான். ஊருக்குக் கிட்டப் போகேக்கை பஸ் பிரண்டிட்டுது. ஆள் அந்த இடத்திலையே முடிஞ்சுது.

ரீற்றாவுக்கு இதை ஆர் சொல்லுறது? ஒவ்வொரு பொலிஸ்காரராய்ச் சட்டியோடை வந்து பாத்தினம். அவள் திரும்பியும் பாக்கேல்லை. மிருகவைத்தியர் சேலைன் ஏத்திப்போட்டு என்னைக் கூப்பிட்டார். "உங்களைத்தானே நல்லாத் தெரியும், நீங்கள் ஒருக்காக் குடுத்துப் பாருங்கோ." எந்தக் கையாலை தின்னக்கூடாதெண்டு படிச்சாளோ, அந்தக் கையைத்தானே மனுசன் நீட்டச் சொல்லுறார்!

நீட்டினன். வாலை ஆட்டினாள். என்ரை மடியிலை தலையை வைச்சாள். முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தின்னம்மா, என்ரை குஞ்செல்லே" எண்டு கெஞ்சினன். கடைசியாய் அவன்ரை சொல்லையும் சொல்லிப் பாத்தன். "கன்ன." காது நிமிர்ந்தது. தள்ளாடி எழும்பி, என்னைத் தாண்டிக் கேற்றடியைப் பாத்தாள். கனநேரம் பாத்தாள். பிறகு படுத்திட்டாள். நான் இறைச்சியைக் கையிலை வைச்சுக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கெண்டு வாகனத்திலை ஏத்தினம். அவளின்ரை உயிர் வவுனியா தாண்டேல்லையாம்.

இப்ப அந்த நாய்க்கூடுகள் இல்லை. இடிச்சுப்போட்டு, மோட்டச்சைக்கிள் விடத் தகரக் கொட்டில் போட்டிருக்கினம். அதாலை போகேக்கை நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டுதான் போறனான். செத்ததைக்கூட ஒருமாதிரித் தாங்கிக்கொள்ளலாம். சொல்லிக்குடுத்ததைக் கடைசிவரை பிழையில்லாமல் செய்தவளை, அண்டைக்கு ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக் கொஞ்ச அவன் இல்லாமல் போனானே, அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.