கப்பல் சமையல்காரரிடம் படித்த ஸ்பானிஷ்

1. கத்தியோடு நின்றவர்

நான் வாட்டர் கிளார்க். பெயரைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் பில் எழுதுகிறவன் என்று நினைத்தவர்கள் உண்டு. என் மாமனாரே கலியாணம் முடியும்வரை அப்படித்தான் நினைத்திருந்தார். கப்பல் ஏஜென்ட் கந்தோரில் அது ஒரு ஓடித் திரிகிற உத்தியோகம். திருகோணமலைக்கு வரும் கப்பலுக்கு லாஞ்சில் போகவேண்டும், கப்டனிடம் கையெழுத்து வாங்கவேண்டும், மரக்கறி, மீன், மருந்து எல்லாம் ஏற்றிக் கொடுக்கவேண்டும். மாலுமிகளின் காய்ச்சலும் சண்டையும் நம் தலையில்தான். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எனக்கு எத்தனை பாஷை தெரியும் என்று கேட்பார்கள். ஸ்பானிஷும் தெரியும் என்றால் சிரிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம். கோதுமை இறக்கிய ஒரு கப்பல் எஞ்சின் பழுதாகி உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். கப்பல் சொந்தக்காரர் அதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. மாலுமிகளுக்குக் கரையில் இறங்கப் பாஸ் கிடையாது. கப்டன் கிரேக்கர், மற்றவர்கள் பர்மாக்காரர். சமையல்காரர் ரமோன் மட்டும் பெரு நாட்டவர். அவருடைய பாஷை கப்பலில் வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலமோ சட்டி பானையைத் தாண்டாது.

முதல் நாள் எங்கள் லாஞ்ச் கப்பலை அணைத்தபோது, ஏணியின் மேல்தட்டில் அவர் மீன் வெட்டும் கத்தியோடு நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தார். லாஞ்ச் ஓட்டுகிற கிண்ணியாக் காசிம் காக்கா எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ முன்னுக்குப் போ. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"எனக்கில்லையா காக்கா?"

"உனக்கு ஒண்டுதானே."

ஏறினேன். ரமோன் என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப்போய் ஐஸ்பெட்டியைத் திறந்து, கல்லுப்போல் உறைந்த மீனைத் தூக்கி மேசையில் அடித்தார். பிறகு ஜன்னலால் கடலைக் காட்டினார். சுற்றிவர மீன் துள்ளும் கடல் இருக்க இதையா நான் சமைப்பது என்று கேட்கிறார். அதை விளங்க எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

மறுநாள் பாரை மீன், தேசிக்காய், வெங்காயம், கொச்சிக்காய், வத்தாளங்கிழங்கு எல்லாம் கொண்டுபோனேன். மீனைச் சிறு துண்டுகளாக வெட்டி, தேசிக்காய்ப் புளி நிறையப் பிழிந்து, வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டுப் பிரட்டி, அவித்த கிழங்கோடு என் முன்னால் வைத்தார். அடுப்பு மூட்டவே இல்லை. நான் அடுப்பைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முருகனை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தேன். நல்லாயிருந்தது. காசிம் காக்கா மட்டும் கடைசிவரை தொடவில்லை.

"ஆணத்துல போடாத மீன மனுசன் திம்பானா?" என்பார். ஆணம் என்று அவர் சொல்வது குழம்பை.

2. மேசையை விட்டு எழும்பாத ஆட்கள்

நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவினால் எழும்பிவிடுவோம். ரமோன் விடமாட்டார். சாப்பிட்ட பிறகுதான் அவர்களுக்குக் கதையே தொடங்கும். கோப்பை காய, அப்படியே இருந்து கதைப்பார்கள். முதல் கிழமை எனக்கு முள்மேல் இருந்த மாதிரி இருந்தது. பிறகு அந்த நேரத்தில்தான் பாஷை படித்தேன்.

பாதிப் பாடம் ஓசியில் கிடைத்தது. மேசைக்கு மேசா, பாணுக்குப் பான், சப்பாத்துக்குச் சபாத்தோ, குசினிக்குக் கொசினா, அலுமாரிக்கு அர்மாரியோ. போர்த்துக்கேயர் எங்கள் வீட்டுச் சாமான்களுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பாஷையும் இதுவும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று ரமோன் சொன்னார். அதே போர்த்துக்கேயர்தான் எங்கள் கோணேசர் கோயிலையும் இடித்தார்கள் என்று சொன்னேன்.

"எங்கட ஊரில ஸ்பெயின்காரன் வந்து கோயிலுகளை இடிச்சவன். இப்ப அவன்ட பாஷையிலதான் நான் அம்மாவைக் கூப்பிடுறன்" என்றார்.

அவர் பிழை திருத்துகிற விதம் பொல்லாதது. பிழையாகச் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். விளங்காதவர் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். சரியாகச் சொல்லும்வரை கண்ணீரோடு இருக்கவேண்டியது நான்தான்.

ஏறியதும் முதல் கேள்வி எப்போதும், உன் அம்மா எப்படி என்பது. பதில் சொல்லிவிட்டு நானும் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் முகம் விழுந்துவிடும். அவருடைய தாய் தங்கள் ஊர்த் துறைமுகச் சந்தையில் அதே புளிமீனை விற்று ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். இந்தப் பயணம் முடிந்ததும் ஊரோடு நின்று தாயின் கடையை எடுத்து நடத்துவது என்று ரமோன் தீர்மானித்திருந்தார். கடைக்கு என்ன நிறம் பூசுவது என்று தாயும் மகனும் கடிதத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுசியை நான் கண்டதில்லை. ஆனால் நான் பேசிய ஸ்பானிஷில் பாதி அவவைப் பற்றித்தான்.

மனேஜருக்கு இது பிடிக்கவில்லை.

"நீர் கப்பலுக்குப் போறது கையெழுத்துக்கோ, சாப்பாட்டுக்கோ?"

"பாஷை படிக்கிறன் சேர்."

"படிச்சுப்போட்டு இஞ்ச ஆரோட கதைக்கப்போறீர்?"

3. கொழும்பிலிருந்து வந்த போன்

ஒரு காலை கொழும்புக் கந்தோர் போன் பண்ணியது. ரமோனின் தாய் இறந்துவிட்டார். அடக்கமும் முடிந்துவிட்டது. கப்டனிடம் போய்ச் சொன்னேன். பாஷை தெரிந்தவன் நீதான், நீயே அவரிடம் சொல் என்று கப்டன் கையை விரித்தார். வோக்கிடோக்கியில் மனேஜரைக் கேட்டேன்.

"உடன சொல்லிப்போடாதையும். முதல்ல சுகமில்லை, கடுமை எண்டு சொல்லும். நாளைக்கு மிச்சத்தைச் சொல்லுவம்."

அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் ஊரில் சாவுச் செய்தியை யாரும் சாவென்று சொல்வதில்லை. 'கொஞ்சம் கடுமையாம், வரட்டாம்' என்போம். கேட்கிறவருக்கு அப்போதே பாதி விளங்கிவிடும். மீதியை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவார். ஒழுங்கை முகப்பில் ஆட்கள் கூடி நிற்பதைக் காணும்போது மனம் தயாராகியிருக்கும். என் அப்பாவின் சாவை எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ரமோனைக் குசினியில் இருத்தி, தாய்க்குக் கடுமை என்று சொன்னேன். 'முய் கிராவே'. உச்சரிப்பு நன்றாகவே வந்தது.

அவர் கையை நெஞ்சில் வைத்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலா? ஓம். ஆர் பக்கத்தில் நிற்பது? தங்கச்சி. கதைக்கிறாவா? கொஞ்சம் கொஞ்சம். என்னைக் கேட்டாவா? ஓம், கேட்டவ. இத்தனை மாதம் பேசிப் பழகியதன் பலன், எதற்கும் எனக்குப் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலோடும் அந்தத் தாய் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேறிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் என்றால் இரண்டாவது கேள்வியிலேயே என் முகத்தைப் பார்த்து விளங்கியிருப்பார்கள். ரமோனின் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. கடுமை என்றால் அவருக்குக் கடுமைதான். உயிர் இருக்கிறது, ஓடினால் பிடிக்கலாம்.

உடனே கப்டனிடம் போய்த் தன்னை இறக்கிவிடச் சொன்னார். பாஸ் இல்லை, மாற்றுச் சமையல்காரர் இல்லை, பிறகு பார்ப்போம் என்று கப்டன் சொல்லிவிட்டார். ரமோன் சத்தம் போடவில்லை. எனக்கு நன்றி சொல்லித் தோளில் தட்டி அனுப்பினார். அந்த நன்றியோடு கந்தோருக்கு வந்து கணக்கெழுத உட்கார்ந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை.

4. பொழுதுபட முந்தி

பின்னேரம் மரக்கறி இறக்கிவிட்டு வந்த காசிம் காக்கா கந்தோர் வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"தம்பி, உன்ட குக்கு என்ட லாஞ்சில பாஞ்சி ஏறிட்டான். நான் இறக்கி உட்டுட்டன். நேவி கண்டா லாஞ்சும் போகும், நானும் போயிருவன். இப்ப உடுப்ப பொலித்தீனுக்குள்ள கட்டுறான். கரையக் காட்டி நீந்திற மாதிரிக் கைய வீசினான்."

"எப்ப காக்கா?"

"இருட்டினாப் போலயாம்."

இருட்டினால் உட்துறைமுகத்தில் ஒரு பூச்சி அசைய ஏலாது. சுழியோடிகள் வந்து கப்பலுக்குக் குண்டு வைக்காமல் இருக்க, கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும். அந்த நேரத்தில் தண்ணீரில் ஒரு தலை தெரிந்தால் யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ரமோனும் அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் இருந்தார். தாயின் உயிருக்கு முன்னால் அது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

மனேஜர் எழும்பிவிட்டார். "நாளைக்குச் சொல்லுவம் எண்டெல்லே இருந்தது?"

"நாளைக்கு இவருக்கும் கடுமை எண்டு ஆருக்கோ சொல்லவேண்டி வரும் சேர்."

இறங்குதுறைக் காவலில் ஒரு இளம் அதிகாரி நின்றார். அந்த நேரத்துக்கு மேல் லாஞ்ச் விடுவதில்லை. சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அம்மா செத்தது. நீ ஏன் பொய் சொன்னது?"

நான் கப்பலைக் கையால் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார். "போ. இருட்டு வர முந்தி வா."

ரமோன் ஏணியின் அடித்தட்டில் உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு, பொலித்தீன் பையை மடியில் வைத்தபடி இருந்தார். என்னைக் கண்டதும், என்னை ஏற்றிப்போகத்தான் வந்தாயா என்று கேட்டார். லாஞ்ச் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஏணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ரமோன், து மமா முரியோ." உன் அம்மா செத்துப்போனா.

இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன நடந்தது, எப்போது அடக்கம் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

"காலமை இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னைக் கேட்டவ எண்டு சொன்னாயே?"

அதற்கும் நேராகவே பதில் சொன்னேன். அவர் பையால் என் முகத்தில் அடித்தார். காசிம் காக்கா எழும்ப, நான் இருக்கச் சொன்னேன். பிறகு ரமோன் ஏணியில் குந்திப் பெருங்குரலெடுத்து அழுதார். பர்மாக்காரப் பொடியன்கள் இறங்கிவந்து அங்கியை அவிழ்த்து, அவரைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோனார்கள். நாங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபின்தான் முதல் வெடி கேட்டது. காசிம் காக்கா என் முதுகைத் தடவினார்.

அடுத்த இரண்டு நாளும் போனபோது ரமோன் முகம் கொடுக்கவில்லை. சாப்பாடும் இல்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். அவர்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு ஒன்பது நாள் ஜெபம் சொல்லவேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்லவேண்டும், தனியே சொல்ல ஏலாதாம். அந்தக் கப்பலில், அந்தத் துறைமுகத்தில், அவருடைய பாஷையில் பதில் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனேன். திருநீற்றுப் பூச்சோடு குசினியில் முழந்தாளில் இருந்து, அவர் ஒவ்வொரு புனிதரின் பெயரைச் சொல்லும்போதும் 'ருவேகா போர் எய்யா', அவளுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொன்னேன். கடைசி நாள் என் தோளில் சாய்ந்து அழுதார். எஞ்சின் திருத்திக் கப்பல் போகும்வரை பிறகு நன்றாகத்தான் இருந்தோம்.

5. கந்தோர் போன்

அந்தக் காலத்தில் எங்கள் அயலில் போன் குறைவு. எங்கள் கந்தோருக்கு வந்த அழைப்புகள் எல்லாம் கப்பல் சேதி அல்ல, அயலவரின் சாவுச் செய்தியும் வரும். அப்படி ஒன்று வந்தால் மனேஜர் என்னிடம்தான் ரிசீவரைத் தருவார். கந்தோர் கூட்ட வருகிற இராசம்மா அக்காவுக்குத் தம்பலகாமத்திலிருந்து ஒரு நாள் போன் வந்தது. அவவின் தம்பி. மனேஜர் வாய்க்குள், "கடுமை எண்டு சொல்லும்" என்றார்.

நான் கதிரையை இழுத்துப் போட்டு அவவை இருத்தினேன். "அக்கா, உங்கட தம்பி செத்துப்போனார்."

அவ கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. "நாசமாப் போவான், இப்பிடியாடா சொல்லுறது! உனக்கு நெஞ்சில ஈரமில்லையா?" என்று கூட்டுகிற தும்புத்தடியால் எனக்கு எறிந்தா. நின்று வாங்கினேன். வேறு எப்படிச் சொன்னாலும் அவ அன்று அந்தக் கதிரையில் இருந்து யோசித்திருப்பா, நாளைக்குப் போவோம் என்றிருப்பா. தம்பலகாமம் போகும் கண்டி வீதியில் பின்னேரத்துக்கு மேல் ஆமிக்காரர் பாதையைப் பூட்டிவிடுவார்கள், அடுத்த நாள் திறப்பார்களோ தெரியாது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் இருக்குதா என்று கேட்டா. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு மிதித்தேன். கடைசி பஸ் நின்றது. அன்று பூட்டிய பாதை அந்தக் கிழமை முழுக்கத் திறக்கவில்லை.

இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான் பிள்ளைகள். எந்தப் பாஷையானாலும் சாவை நேராகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஓடாமல் பக்கத்தில் நில்லுங்கள். அடி விழுந்தால் வாங்குங்கள்.

தம்பியின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்துதான் இராசம்மா அக்கா வேலைக்கு வந்தா. என்னோடு கதைக்கமாட்டா என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னா:

"அவன்ட முகத்தைப் பாத்திட்டன் தம்பி."