நான் சொன்ன அளவு

ராஜபாளையத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். பத்து வருடங்களாக ஒரே கடை, ஒரே மிஷின். எந்தப் பெண்ணுக்கு எந்தப் பக்கம் சற்றுப் பெரிது, யார் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. ஆனால் கடைக்குள் கட்டுப்பட்டிருக்கும் இந்த வாய், சொந்தக்காரர்கள் நடுவில் கட்டுப்படாது. நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் யாரையும் எதையும் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன ஒன்றைப் பற்றியும், பிறகு சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

என் தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா போன பிறகு வன்னியம்பட்டி வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும்தான். அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் போலீஸில் சேர வேண்டும் என்பது முதலில் அவருடைய ஆசையாக இருந்தது. போகப்போக அவனுடைய ஆசையாகவும் ஆகிவிட்டது. மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டே படித்து எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டான். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. எப்படியும் நாலு மாதமாகும் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து நேராகக் கடைக்கு வந்தான். பெண்கள் வந்துபோகும் கடை என்பதால் எப்போதும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறவன், அன்று உள்ளே வந்தான்.

"அக்கா, செத்த நேரம் ஷட்டரை இறக்குறியா?"

இறக்கினேன். சட்டையைக் கழற்றினான். உள்ளே இறுக்கமாக ஒரு பனியன், அதற்குள்ளே இன்னொரு பனியன். சித்திரை வெயிலில் இவன் எப்படித்தான் இருக்கிறானோ என்று நினைத்தேன். அவற்றையும் கழற்றிவிட்டு, கடைக் கண்ணாடிக்கு நேராகத் திரும்பி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபத்துநாலு வயது ஆண்பிள்ளை. வயிறு ஒட்டி, தோள் முறுக்கேறி இருந்தது. மார்பு மட்டும் வயதுக்கு வந்த பெண்ணின் மார்பு மாதிரி இருந்தது.

"அளந்து சொல்லுக்கா. சென்டிமீட்டர்ல."

என் டேப்பின் ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். அந்த மறுபக்கத்தை நான் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. திருப்பிப் பிடித்து, காம்பை ஒட்டிச் சுற்றி அளந்தேன். எண்பத்து நாலு.

"இது இல்லாம எம்புட்டு இருக்கும்?" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே அவன் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறான். ஆண்பிள்ளைகளில் பல பேருக்கு இப்படி வருவதுதான், இது வியாதியில்லை, எதுவும் செய்யாமல் இப்படியே இருந்தாலும் உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செய்துகொள்வதென்றால் வழி இரண்டு. ஒன்று, சின்னக் குழாயை விட்டுக் கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுப்பது. தழும்பு தெரியாது, சீக்கிரம் வேலைக்குப் போகலாம், சட்டை போட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் காம்புக்குப் பின்னால் கல் மாதிரி இருக்கும் சுரப்பி அங்கேயே இருக்கும். சட்டையைக் கழற்றினால் இருப்பது தெரியும். இன்னொன்று, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் கீறி, கொழுப்போடு அந்தச் சுரப்பியையும் எடுத்துவிடுவது. தழும்பு விழும், ஆறு வாரம் இறுக்குப் பனியன் போட வேண்டும். ஆனால் நெஞ்சு தட்டையாகிவிடும்.

"போலீஸ்ல நெஞ்சு எண்பத்தொண்ணு இருக்கணும்க்கா. மூச்ச இழுத்தா இன்னும் அஞ்சு விரியணும். இப்ப இருக்குறபடி போனா அளவுல பாஸாயிருவேன். ஆனா அம்புட்டுப் பேரு முன்னால சட்டையக் கழட்டி நிக்கணும். முழுசா எடுத்துட்டுப் போனா நிக்கலாம். ஆனா அளவு பத்துமான்னு தெரியல. கொழுப்ப மட்டும் எடுத்தா ரெண்டுக்கும் நடுவுல." கொஞ்சம் நிறுத்தி, "நீ அளந்து சொன்னா சரியா இருக்கும்" என்றான்.

வெட்கப்பட வைத்த சதைதான் அவனை வேலைக்குள் கொண்டுபோய்விடும் சதையும். இப்படி ஒரு கொடுமையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கையைத் தூக்கச் சொல்லி, மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி டேப்பைச் சுற்றினேன். அங்கே அளந்தால் அந்தச் சதை கணக்கில் சேராது. எண்பது. அதுவும் முழு எண்பது இல்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தப் பம்புசெட் ஞாபகம் வந்தது. அவனுக்குப் பதினாலு வயதிருக்கும். பொங்கல் லீவில் சித்தப்பா பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் எல்லாரும் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவனும் வெறும் உடம்போடு தண்ணீரில் ஆடிவிட்டு ஏறி வந்தான். நான் அப்போதுதான் தையல் பழகி முடித்திருந்தேன். அந்தப் பெருமையில், எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏலே, உனக்கும் ஜாக்கெட் நாந்தான் தைக்கணும் போலயே!" என்றேன். தொட்டியே சிரித்தது. கொஞ்ச நாளைக்கு அந்தப் பிள்ளைகள் அவனை ஜாக்கெட் என்றே கூப்பிட்டார்கள். நான் அதோடு மறந்துபோனேன். அதற்குப் பிறகு அவன் பனியனோடுதான் குளிக்கிறான் என்பதைக் கவனித்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பத்து வருடம் அவனை இரண்டு பனியனுக்குள் அடைத்து வைத்தது என்னுடைய ஒரு வாய்ச் சொல் என்பது அந்த மத்தியானம்தான் எனக்கு உறைத்தது.

"எம்புட்டுக்கா?"

"எண்பத்திரண்டு" என்றேன். "தாராளமா இருக்கு. முழுசா எடுத்துரு."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பனியனை மாட்டிக்கொண்டான்.

அப்பாவிடம் சொல்ல இருவரும் சேர்ந்தே போனோம். தண்டால் எடுத்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று மூன்று வருடமாக அவனைத் தண்டால் எடுக்க வைத்தவர் அவர். கரையவில்லை. அடியில் தசை வளர்ந்து, இருந்ததை இன்னும் வெளியே தள்ளியதுதான் மிச்சம். அதையெல்லாம் அவர் பார்க்காதவர் இல்லை; பேசாமல் இருந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது.

"நெஞ்சு பத்தலன்னு ஊரு உலகமே அழுதுட்டுத் திரும்பி வருது. நீங்க என்னடான்னா இருக்குற நெஞ்சக் குறைக்க டாக்டர்கிட்டப் போறோங்கீக."

தம்பி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஆளெடுப்புல அந்த டேப்ப நானும் பிடிச்சிருக்கேன். அரை சென்டிமீட்டர் குறைஞ்சாலும் விட மாட்டோம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ அளந்தியா? தேறுமா?"

"தேறும்ப்பா. எண்பத்திரண்டு" என்றேன். பட்டாளத்துக்காரருக்குத் தையல்காரியின் டேப் மேல் அவ்வளவு நம்பிக்கை. மறுபேச்சுப் பேசவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவன் நெஞ்சில் பேனாவால் கோடு போட்டார். நாங்கள் துணியில் சாக்பீஸால் போடுவோமே, அதே மாதிரிதான். போட்டுவிட்டு, "கொழுப்பை மட்டும் எடுக்கவா, சுரப்பியையும் சேர்த்து எடுக்கவா? இப்பக்கூட மாத்திக்கலாம் தம்பி" என்றார். நான் அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் நடு வழியைப் பிடித்துக்கொள்வான், அரைகுறையாக ஒன்றைச் சுமந்துகொண்டு மறுபடி பனியனுக்குள் போய்விடுவான் என்று பயந்தேன். "முழுசா எடுத்துருங்க சார்" என்று அவனே சொல்லிவிட்டான்.

ஆறு வாரம் இறுக்குப் பனியன். வீக்கம் வடிய வடிய அது தொளதொளத்துப் போனது. வாரத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுவருவான். நான் பக்கத் தையலைப் பிரித்து, அரை இஞ்சு உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுப்பேன். அவனுக்கு நான்தான் தைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கேலிக்குச் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. மிஷினுக்கு மேலே குனிந்துகொண்டு அழுதேன். அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று கடையைத் திறந்தேனே தவிர ஒரு துணியையும் வெட்டவில்லை. அளவு தப்பாகிவிடுமோ என்ற பயம். மூன்று மணி இருக்கும், வந்து வாசலில் நின்றான்.

"எண்பதரைக்கா" என்றான். "ரெண்டு தடவை அளந்தாங்க. போகச் சொல்லிட்டாங்க."

நான் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்றைக்கு டேப்பில் இருந்தது எண்பதுக்கும் கீழே. எண்பத்திரண்டு என்று சொன்னது பொய். நடு வழியை எடுத்திருந்தால் இந்நேரம் பாஸாகியிருப்பான். அவன் வேலையை நான்தான் கெடுத்தேன்.

"தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ அளக்கும்போது நான் கண்ணாடியப் பாத்துட்டுத்தான நின்னேன். டேப்புல இருந்த நம்பர் எனக்கும் தெரிஞ்சுது."

"பொறவு எதுக்குல எடுத்தே? தெரிஞ்சுக்கிட்டேவா எடுத்தே?"

மிஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

"டாக்டர் சொன்னது, அப்பா சொன்னது எதுவும் எனக்குப் பெருசாத் தெரியல. நீ என்ன சொல்றன்னுதான் அன்னைக்கு வந்தேன். பம்புசெட்டுல நீதான சொன்னே. அதான், எடுத்துருன்னும் நீயே சொல்லணும்னு இருந்துச்சு."

அவன் அதை மறந்திருப்பான் என்று அதுவரைக்கும் ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். மன்னிச்சிருல என்று சொல்ல வாயெடுத்தேன், குரலே வரவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் பேசுகிற வாய் அது.

"அழாதக்கா. வயசு இருக்கு, அடுத்த தடவை பாக்கலாம். அரை சென்டிமீட்டர்தான, ஏத்திக்கலாம்" என்றான். பிறகு குரலைத் தணித்து, "கிரவுண்டுல நூறு பேருக்கு மேல நின்னோம்க்கா, எல்லாரும் சட்டையில்லாம. ஒருத்தன்கூட என்னையத் திரும்பிப் பாக்கல" என்றான்.

சொல்லிவிட்டு, வேர்க்கிறது என்று சட்டையைக் கழற்றி, தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் தொங்கும் கொடியில் போட்டான். ஃபேனுக்குக் கீழே வெறும் உடம்போடு உட்கார்ந்தான். ஷட்டரை இறக்கச் சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை.