கொடி கட்டாத பானை

நன்னிலம் பக்கத்துச் சேரியில் லுத்தரன் ஜெபக்கூடம் என்பது கீற்றுக் கொட்டகைதான். அதன் மூலையில் ஒரு மண்பானை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்கள் முழுக்க, உலை வைக்கும் முன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி ஒதுக்கி அதில் கொண்டுவந்து போடுவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கோயில் வைத்திருந்த கத்தோலிக்க வீடுகளும் போடும். ஈஸ்டர் காலையில் எல்லாம் கஞ்சியாகும்.

பானை பொன்னுத்தாயின் பொறுப்பு. நடவில் குலவையானாலும் விவசாயக் கூலிகள் சங்க ஊர்வலத்தில் கோஷமானாலும் முதல் குரல் அவளுடையது.

சூரியன் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. இரண்டாம் போகமான தாளடி அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டு சேரியே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டது. பண்ணையார் ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வெளியாட்களை இறக்கி அறுத்துக்கொண்டார். சேரி அடுப்புகள் ஒருவேளை எரிந்தன. பொன்னுத்தாய் அந்த ஆட்களை வாய் வலிக்கத் திட்டித் தீர்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி கூலியோடு கம்பி நீட்டிவிட்டான். அத்தனை பேரும் வாய்க்கால் கரையில் குந்தியிருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கு வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளிப் புகட்டிக்கொண்டிருந்தாள், பால் போல. பார்த்துவிட்டு வந்த பொன்னுத்தாய் கொட்டகையில் கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்:

"நாளைக்கு அவங்களுக்கும் சேத்துத்தான் உலை."

சங்கச் செயலாளர் மருதையன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. "அக்கா, வெயில் ஏறிப்போச்சா உனக்கு? நம்ம வயித்துல அடிச்ச பயலுவளுக்கு நம்ம அரிசியா?"

சபையை நடத்தும் உபதேசியார் ஜெக்கரியா தொண்டையைச் செருமினார். "அவங்க மாரியம்மனைக் கும்பிடுற ஜனங்க, பொன்னுத்தாயி. கத்தோலிக்க ஜனங்களைச் சேக்குறதுக்கே மேலிடத்துல கேள்வி வருது. சபை அரிசி சபைக்குத்தான்."

சூரியன் கட்சிக் கிளைச் செயலாளர் நாகரத்தினம் சிரித்தார். "தாராளமாப் போடு தங்கச்சி. வாசல்ல நம்ம கொடி ஒண்ணு பறக்கட்டும். மனைப்பட்டாவுக்கும் நானாச்சு."

பொன்னுத்தாய் பானையருகே போனாள். இந்த மூன்று பேரையும் பகைத்துக்கொண்டால் வேலையில்லை, சபையில்லை, மனையுமில்லை. ஆனால் விடிந்தால் ஆண்டவர் எழுந்த நாள். அன்றைக்குப் பந்தியிலிருந்து யாரை எழுப்பிவிடுவது?

பாயை விரித்துப் பானையைக் கவிழ்த்தாள். அரிசி குவிந்தது.

"கூலி கேக்குறதுக்கு நாளைக்கும் நான்தான் முன்னால நிப்பேன். ஆனா இந்தப் பானைக்குக் கொடி கிடையாது. உங்க அரிசின்னா, உங்க உங்க பிடியைப் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போங்க."

மருதையன் ரோஷக்காரன். நிஜமாகவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். "பழுப்பா நாத்தமடிக்குதே, இது ரேஷன் அரிசி. நம்ம வீட்டுது."

"எல்லா வீட்டுலயும் அதே நாத்தந்தான் மாமா!" என்றது ஒரு குரல். கொட்டகை சிரித்தது. உபதேசியாரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது மருதையன் பெண்சாதி வேம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏன்யா, நீ எந்தக் காலத்துல அரிசிப் பானையில கை விட்ட? என் சோத்துல கொறச்சு நான் போட்ட பிடி அது. அங்கயே கெடக்கட்டும்."

"என்னுதும் கெடக்கட்டும்," என்றாள் நாகரத்தினத்தின் மனைவி.

"என்னுதும்." இது உபதேசியார் வீட்டம்மா. அக்கரைக் கோயில் பெண்களும் அதையே சொன்னார்கள். பிடி போட்ட கைகள் அத்தனையும் பெண்களுடையவை. மூன்று ஆண்களும் அரிசியைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள்.

விடியலில் மணி அடித்தபோது, பொன்னுத்தாய் அழைத்திருந்த வாய்க்கால் கரைக்காரர்கள் கூச்சத்தோடு வந்து ஓரமாக நின்றார்கள். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று சபை சொன்ன சத்தத்தில் கீற்றிலிருந்த குருவிகள் பறந்தன. மருதையன் வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தானாகவே அகப்பையை எடுத்தான். தண்ணீர் புகட்டிய பெண்ணின் தட்டில் அடியிலிருந்து கெட்டியாக அள்ளி ஊற்றினான்.

"எந்தக் கட்சிக் கஞ்சி அக்கா இது?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடி," என்றாள் பொன்னுத்தாய். அவளுக்குக் குலவை போட வேண்டும் போலிருந்தது. போட்டாள். கொட்டகையே திரும்பப் போட்டது.

மறுநாள் அவள் பானையைக் கழுவிக் கவிழ்க்கப் போகையில் மருதையன் வந்து நின்றான். கை மூடியிருந்தது.

"லெந்து முடிஞ்சிடுச்சேடா."

"இருக்கட்டும். இது நானே அள்ளுனது. இனிமே உரிமை கொண்டாடலாமில்ல?"

"போடு. கலந்தப்புறம் வந்து கேளு."

காலிப் பானையில் அரிசி விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது.