கடலில் கிடந்த ஃபைல்கள்

சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு டிடிபி சென்டரில் 2007 வாக்கில் வேலை பார்த்தேன். பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் செய்து தருவதுதான் தொழில். இரண்டு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். காலையில் ஓர் அக்கா, கடலோரக் கிராமத்திலிருந்து வருவார். மதியத்துக்கு மேல் நான். கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவதால் வரும்போதே எனக்கு முகம் கடுகடுவென்று இருக்கும்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் சமைப்பதைவிட ஒரு திரையில் இரண்டு பேர் வேலை பார்ப்பது கஷ்டம். எனக்கு எல்லாம் ஃபோல்டருக்குள் போய்விட வேண்டும். அக்காவுக்கோ எல்லாம் டெஸ்க்டாப்பில், கண்ணுக்கு எதிரே கிடக்க வேண்டும். "உள்ள போட்டுப் பூட்டிட்டா நான் மறந்துடுவேன்டி" என்பார். வயதிலும் சர்வீஸிலும் பெரியவர், அவர் சொன்னதுதான் நடந்தது.

திரையின் பின்னணியில் ஒரு போட்டோ வைத்திருந்தார். மணலில் ஏற்றி நிறுத்திய படகில் சாய்ந்தபடி ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். பின்னால் கடல், மேலே வானம். அவர் அக்காவின் கணவர். நான் வேலையில் சேருவதற்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஆய்வுக்காக அந்தக் கிராமத்துக்குப் போன மாணவர் ஒருவர் தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்து, காப்பி செய்து கொடுத்துவிட்டுப் போன படம் அது. வீட்டில் இருந்த கல்யாண போட்டோவில் அவர் விறைப்பாக நிற்பாராம். சிரித்த முகம் இது ஒன்றுதான்.

அந்தப் படத்தையே அக்கா மேசையாக்கிக்கொண்டார். டைப் செய்ய வேண்டியது வானத்தில். பிழை திருத்தப் போயிருப்பது கடலில். முடிந்தது மணலில். அவசரமானது படகில். வாடிக்கையாளர் வந்து "என் தீசிஸ் என்னாச்சும்மா?" என்று கேட்டால் "கடல்ல கிடக்குது சார்" என்று சொல்லிவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஒரே ஒரு சட்டம்தான். அவர் முகத்தின் மேல் எந்த ஃபைலும் வைக்கக் கூடாது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் சீசனில் ஃபைல்கள் அவர் காது வரை நெருக்கியடித்து நிற்கும். நல்ல இடத்தை இந்த மனுஷன் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட வரும். ஆனாலும் வைத்ததில்லை.

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு முறை மணலில் இருந்த ஃபைல் கடலுக்குப் போய், முடிந்த வேலையை மறுபடி செய்ய நேர்ந்தது. யார் நகர்த்தியது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் வாய்த்தகராறு. அதிலிருந்து கிளம்பும்போது திரையை அப்படியே கம்ப்யூட்டரிலேயே படம் பிடித்து, என் சொந்தப் பென் டிரைவில் போட்டுக்கொள்வேன். நான் எதை எங்கே வைத்தேன் என்பதற்குச் சாட்சி. அக்கா சிரிப்பார். "போலீஸ்ல சேர வேண்டியவ, தப்பி இங்க வந்துட்டா."

ஒரு நாள் யாரோ கொண்டுவந்த பென் டிரைவால் வைரஸ் ஏறி, மெஷின் படுத்துவிட்டது. மறுநாள் காலை அக்கா வருவதற்கு முன்பே சர்வீஸ்காரர் வந்துவிட்டார். "சி டிரைவ்ல எதுனா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் டி-யிலதான் இருக்கும், சி-ய அழிச்சு ஃபார்மட் அடிங்க" என்று ஓனர் சொல்லியிருக்கிறார். டெஸ்க்டாப்பில் கிடப்பது சி டிரைவில்தான் இருக்கிறது என்பது எங்கள் ஓனருக்குத் தெரியாது.

மதியம் நான் போனபோது அக்கா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். திரையில், புதிதாக ஏற்றிய விண்டோஸோடு வந்த, யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஊர்ப் பச்சைப் புல்வெளி.

"ஆய்வேடெல்லாம் அவுங்கவுங்க பென் டிரைவ்ல இருக்குதாம், வாங்கிக்கலாம்னு ஓனரு சொல்றாரு" என்றார். புல்வெளியைப் பார்த்தபடியே, "அந்தப் படத்த வேற எங்கயும் வெக்கலடி. தெனம் பாக்குற எடந்தானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

படம் எடுத்த மாணவர் படிப்பை முடித்து எங்கோ போய்விட்டார். அக்காவின் தோளைத் தொடக் கை நீட்டியபோதுதான் பையில் இருந்த பென் டிரைவ் நினைவுக்கு வந்தது.

செருகித் திறந்தேன். வாரக்கணக்காக நான் சேர்த்து வைத்திருந்த சாட்சிகள் வரிசையாக வந்தன. ஒன்றைப் பெரிதாக்கினேன். வானம் நிறைய ஃபைல்கள், கடல் நிறைய ஃபைல்கள், படகு தெரியாத அளவுக்கு ஃபைல்கள். நடுவில் அவர் முகம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் சிரித்தது.

அக்கா திரையில் கை வைத்தார். முதலில் அழுதார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "உன் சந்தேக புத்தி நல்லா இருக்கட்டும்டி" என்றார்.

முகத்தை மட்டும் வெட்டி எடுத்து பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். சரி என்றார். ஆனால் கம்ப்யூட்டரில் வெட்ட வேண்டாம், ஃபைல்களோடு முழுசாகவே பின்னணியில் வை என்றார். அப்படியே வைத்தோம். பல மாதங்களுக்கு நாங்கள் இருவரும் படத்தில் ஒட்டிப்போன பழைய ஐகான்களை நிஜம் என்று நினைத்துக் கிளிக் செய்து ஏமாந்தோம், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். புது ஃபைல்கள் வந்து பழைய ஃபைல்களின் மேல் உட்கார்ந்தன. இட நெருக்கடி முன்னைவிட ஜாஸ்தி. அடுத்த சீசனில் ஓனரே வந்து உட்கார்ந்து ஒரு ஃபைலை இழுத்து அந்த முகத்தின் மேல் விடப் போனார். "அங்க வெக்காதீங்க" என்று கத்தியது அக்கா இல்லை, நான்.