பூசையில் சும்மா உட்காரக் கூடாது

பாதருக்குக் கீழே கோயிலில் பாட்டும் செபமும் நடத்துகிற உபதேசியார் வேலை என்பது பீடத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்கிற வேலை. பாட்டை இழுத்தால் பாதர் முறைப்பார், சட்டென்று முடித்தால் சனங்கள் முறைப்பார்கள். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அரவேணுவுக்கு மேலே ஓர் எஸ்டேட் கோயிலில் நான் இருந்தேன். தேயிலை விலை தலைகுப்புற விழுந்த அந்தச் சமயம் பார்த்து, வழிபாட்டைப் புதுப்பித்தே தீருவேன் என்று ஒரு புதுப் பாதர் வந்து சேர்ந்தார்.

செபமாலைக்கு வந்த தடை

பாதர் முதல் ஞாயிறே கவனித்துவிட்டார். அவர் பாட்டுக்குப் பூசை வைக்கிறார், பெஞ்சில் பாதிப் பேர் அவர்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டுகிறார்கள். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று அவர் கைவிரித்தால் பதில் முனகலாகத்தான் வருகிறது. பிரசங்கத்தில் பிடித்துக்கொண்டார். "பூசையில யாரும் சும்மா உட்காரக் கூடாது. வேடிக்கை பார்க்கவா வர்றீங்க? இனி ஆளுக்கொரு வேலை."

வாசகத்துக்கு ஒருவர், பதிலுரைப் பாடலுக்கு ஒருவர், மணியடிக்க ஒருவர், காணிக்கை தூக்க நான்கு பேர் என்று பிரித்துக் கொடுத்தார். கட்டளை அவருடையது, ஆள் பிடிக்கிற பாடு என்னுடையது. மணியடிக்கும் வேலை சிலோனிலிருந்து திரும்பி வந்த சவரிமுத்து தாத்தாவுக்கு விழுந்தது. அவர் செபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாங்க சிலோன் தோட்டத்துல இருக்கக்குள்ள சாமியாரு பூசையைப் பார்த்தாரு, நாங்க செபமாலையைப் பார்த்தம். ரெண்டும் ஒரே நேரத்துல முடிஞ்சிச்சி தானே?"

சொந்த மன்றாட்டு

அடுத்து, மன்றாட்டைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றார் பாதர். ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கொழுந்து பறிக்கும் பிலோமினா எழுந்தாள். "ஆண்டவரே, வாரத்துல நாலு நாள்தான் வேலை குடுக்கறாங்க. எங்க மேனேஜர் மனசு இளகோணும்."

மேனேஜரும் எங்கள் கோயில்காரர்தான். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதர் எவ்வளவோ கெஞ்சியும் வராத சத்தம் அன்றைக்கு வந்தது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூரைத் தகரம் அதிரச் சொன்னார்கள். நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். மேனேஜர் மெதுவாக எழுந்து, கைகூப்பிச் சொன்னார்: "ஆண்டவரே, குன்னூர் ஏலத்துல எங்க தூளுக்கு விலை கேக்கறவங்க மனசும் கொஞ்சம் இளகட்டும்."

மேஸ்திரி கழித்த காணிக்கை

அறுப்பின் ஞாயிறு ஒன்று வைத்து, அவரவர் உழைப்பைக் காணிக்கையாகக் கொண்டுவரச் சொன்னார் பாதர். பிலோமினா பச்சைக் கொழுந்து கொண்டுவருவதாக ஏற்பாடு. ஆனால் நாள் தவறித் தவறிப் பறித்ததில் செடியெல்லாம் முற்றிக் கிடந்தது. தேடித் தேடி ஒரு கூடை சேர்த்து, தலையில் வைத்துக்கொண்டு பீடம் வரைக்கும் பாட்டோடு வந்தாள்.

கூடையை வாங்கி வைக்க நின்றவர் அந்தோணி மேஸ்திரி. கொழுந்து எடைபோடும் இடத்தில் முற்றிய இலையைக் கழித்துக்கொண்டு வருடக்கணக்காக நின்ற மனிதர். கூடை கைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் உள்ளே கைவிட்டுப் புரட்டினார். முற்றிய இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பீடத்தின் ஓரத்தில் போட ஆரம்பித்துவிட்டார். பாதருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. நான் பாட்டை இரண்டாம் முறை ஆரம்பித்தேன். பிலோமினா குனிந்து, கழித்துப்போட்ட இலையை எல்லாம் அள்ளி மறுபடியும் கூடையில் போட்டாள். "ஏனுங்க மேஸ்திரி, இது பேக்டரிக்கு இல்லீங்க. ஆண்டவர் முத்தலும் வாங்கிக்குவாரு."

சுவருக்கு அந்தப் பக்கம்

அதற்குப் பிறகு தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. சனங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். மேனேஜரையும் வேறு எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். என் பாடகர் குழுவில் மிஞ்சியது நானும் ஆர்மோனியமும்தான். பாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரும் ஞாயிறோடு இங்கே பூசையை நிறுத்திவிட்டு எல்லாரையும் டவுன் கோயிலில் சேர்த்துவிடப் போவதாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, இருப்பது ஒரு பாதர், பார்க்க வேண்டியதோ ஏழு கோயில்.

விஷயம் பிலோமினா காதுக்குப் போய்விட்டது. அவள் புருஷன் ஆரோக்கியம், பேக்டரியில் தூள் சலித்துச் சலித்து நெஞ்சு கெட்டவர். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அவர்கள் வீடு கோயில் சுவரை ஒட்டியிருந்ததால், கதவைத் திறந்து வைத்துப் படுத்தபடியே பூசை கேட்பார். அவள் என்னிடம் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "டவுனுக்கு நான் போயிருவனுங்க உபதேசியாரே. எங்கூட்டுக்காரரை எந்த பஸ்ஸுல ஏத்தறது?"

அந்த ஞாயிறு

நல்ல மழை. என்னையும் சேர்த்து ஆறு பேர். பிலோமினா வாசகம் வாசித்து, அவளே இறங்கிப்போய்க் காணிக்கையும் தூக்கி வந்தாள். மேஸ்திரி பதிலுரைப் பாடலைத் தனக்குத் தெரிந்த ராகத்தில் பாடினார். சவரிமுத்து தாத்தா மணியைச் சரியான இடத்தில் அடித்தார்.

கடைசி ஆசீருக்கு முன்னால்தான் பூசையை நிறுத்தும் அறிவிப்பு. அதற்காக பாதர் சனங்களைப் பார்த்துத் திரும்பி, வழக்கம்போல, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று கைவிரித்துவிட்டார். "உம்மோடும் இருப்பாராக" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் முடித்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டு இடத்தில் மூச்சு வாங்கி நின்று, அதே பதில் மறுபடியும் வந்தது. பாதர் விரித்த கையை மடக்கவே இல்லை. பிலோமினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதர் சொன்னார்: "அடுத்த ஞாயிறும் இங்கதான் பூசை. மன்றாட்டு ஆரோக்கியம் சொல்லட்டும், அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைங்க."

பூசையில் யாரும் சும்மா உட்காரக் கூடாது என்ற பாதரின் ஆசை, சும்மா உட்கார ஒருவர்கூட மிச்சமில்லாத காலத்தில்தான் எங்கள் எஸ்டேட்டில் முழுசாக நிறைவேறியது.